இரண்டு திரைகளும் ஒரு கதவு எண்ணும்

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மேற்கே தெரியும் மலையில் விளைவதும் ஏலம். அதைக் கீழே கொண்டுவந்து விலை கூறி விற்பதும் ஏலம். ஏலத்தை ஏலம் விடும் ஊர் எங்கள் ஊர் என்று வெளியூர் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மலைத் தோட்டங்களில் உலர்த்தப்பட்ட காய் விற்பனைக்கு வரும்போது, ஒவ்வொரு விவசாயியின் சரக்குக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. வணிகர்கள் அதை 'லாட் நம்பர்' என்பார்கள். முன்பெல்லாம் ஏலக்காரர் எண்ணைக் கூவ, வணிகர்கள் விலையைக் கூவுவார்கள். 2007 ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. கூவல் அடங்கி, விலை திரையில் ஏறத் தொடங்கியது. 2021 ஜனவரியில், போடியிலும் மலைக்கு அப்பால் கேரளத்தின் புற்றடியிலும் உள்ள ஏல மையங்கள் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் சேரும் ஏற்பாடும் வந்தது. குரல் போய்த் திரை வந்தபோதும் லாட் எண் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை?

வாசகர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தவறுதலாக இரண்டு விவசாயிகளின் சரக்குக்கு ஒரே எண் கொடுக்கப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? 'இருபத்தேழு' என்று அறிவித்ததும் இரண்டு சரக்கும் ஒன்றாக எழுந்து நிற்கும். எதற்கு என்ன விலை என்பதே குழம்பிப் போகும். சரக்கில் எந்தக் குறையும் இல்லை, எண்ணில்தான் குறை. ஆயினும் விற்பனை நின்றுவிடும்.

இதே குழப்பம் கணிப்பொறியின் வரலாற்றிலும் நேர்ந்தது. ஒரு வீட்டுக் கணிப்பொறியில் இரண்டு திரைகளை வைத்துக்கொள்ளும் வசதி 1981 இலேயே தற்செயலாகக் கிடைத்தது. பின்பு அந்த வழி அடைபட்டது. 1998 இல் மீண்டும் திறந்தது. அந்தக் கதையைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஒரு மாணவியின் கேள்வி

இக்கதையை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு மாணவி. மலைச்சரிவில் சிறிய ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி, கல்லூரியில் இயற்பியல். வீட்டில் ஒரு பழைய மேசைக் கணிப்பொறி உண்டு. ஆங்கிலப் பாடநூலைத் திரையில் திறந்து படித்து, தமிழில் குறிப்பு எழுதுவது அவள் வழக்கம். ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், நூலை மறைத்துக் குறிப்பைத் திறக்க வேண்டும், எழுத வேண்டும், குறிப்பை மறைத்து மீண்டும் நூலைத் திறக்க வேண்டும். விட்ட இடம் எது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

"சார், சொந்தக்காரங்க ஒரு பழைய மானிட்டர் குடுத்திருக்காங்க. ரெண்டையும் சேர்த்து வைக்க முடியுமா? கடையில கேட்டா, புது கம்ப்யூட்டர்தான் வாங்கணும்னு சொல்றாங்க" என்றாள்.

புதுக் கணிப்பொறி என்றால் அந்த வீட்டில் ஒரு முறை காய் எடுத்த பணம் முழுவதும் போய்விடும். நானோ யோசிக்காமல், "ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு திரைதாம்மா. இன்னொன்று வேண்டுமானால் அதற்குத் தனி வீடியோ கார்டு வாங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். மாணவப் பருவத்தில் யாரோ சொல்லக் கேட்டதை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. எந்தக் காலத்தில் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் தவறிவிட்டேன்.

திரைக்குப் பின்னால் இருப்பது என்ன?

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். ஜெர்மானிய அறிவியலறிஞர் பிரௌன் 1897 இல் எதிர்மின்வாய்க் கதிர்க்குழாயை அமைத்தார். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடிக் குழாய் அதன் வழி வந்ததே. எலெக்ட்ரான் கற்றை ஒன்று திரையின் உட்புறப் பூச்சின் மீது மோத, மோதிய இடம் ஒளிர்கிறது. ஆனால் அந்த ஒளி நிலைப்பதில்லை. கண் சிமிட்டும் நேரத்திற்குள் மங்கிவிடும். ஆகவே கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக ஓடி, நொடிக்கு ஐம்பது அறுபது முறை படம் முழுவதையும் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால், அடுத்த முறை வரைவதற்கு அந்தப் படம் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் கணிப்பொறியின் நினைவகம். நினைவகத்தில் படத்திற்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. ஒரு மின்சுற்று அதை ஓயாமல் படித்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இன்றைய தட்டைத் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை இல்லை; ஆயினும் நினைவகத்தைப் படித்து அனுப்பும் வேலை அதேபோல் நடக்கிறது.

ஆகவே படம் உண்மையில் குடியிருப்பது நினைவகத்தில். திரை அதைப் பார்க்க நாம் வைத்த சன்னல். ஒரு வீட்டுக்கு எத்தனை சன்னல் வைக்கலாம் என்பது கண்ணாடியைப் பொறுத்ததா, சுவரைப் பொறுத்ததா? திரைகளின் எண்ணிக்கையும் அவ்வாறே. போதிய நினைவகம் வேண்டும். அதைப் படித்து அனுப்பும் மின்சுற்று திரைக்கு ஒன்று வேண்டும். அந்த நினைவகப் பகுதிகள் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனி முகவரியில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்ன முகவரிதான் நம் கதையின் நாயகன்.

1981: தற்செயலாக வந்த வரம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது. அதை வாங்குவோர் இரண்டு வகைக் காட்சி அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முதலாவது எழுத்துகளை மட்டும் காட்டும் ஒற்றை நிற அட்டை. அலுவலக வேலைக்கு ஏற்றது. எழுத்து மிகத் தெளிவு. இரண்டாவது வண்ணப் படங்களைக் காட்டும் அட்டை.

முதல் அட்டையின் கணக்கைப் பாருங்கள். ஒரு வரிக்கு 80 எழுத்து. திரைக்கு 25 வரி. ஆக 2,000 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் 'எந்த எழுத்து' என்பதற்கு ஒரு பைட், 'எப்படித் தோன்ற வேண்டும்' என்பதற்கு ஒரு பைட். மொத்தம் 4,000 பைட். அந்த அட்டையில் இருந்த நினைவகமும் 4 கிலோபைட்தான்! வண்ண அட்டையில் 16 கிலோபைட் இருந்தது.

கணிப்பொறியின் மூளையாகிய செயலி, நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எண்ணால் அடையாளம் காண்கிறது. தெருவில் வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல. ஐ.பி.எம். பொறியாளர்கள் எழுத்து அட்டைக்கு 7,20,896 என்ற எண்ணிலிருந்தும், வண்ண அட்டைக்கு 7,53,664 என்ற எண்ணிலிருந்தும் இடம் ஒதுக்கினார்கள். இரண்டுக்கும் இடையே 32,768 வீடுகள் இடைவெளி.

இதன் விளைவு என்ன? இரண்டு அட்டைகளையும் ஒரே கணிப்பொறியில் செருகினாலும் சண்டை வரவில்லை. இரண்டு திரைகள், இரண்டு கதவு எண்கள். மென்பொருள் எழுதுவோர் இதை விரைவிலேயே பயன்படுத்திக்கொண்டனர். 1983 இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருளில், எண்களை ஒரு திரையிலும் அவற்றின் வரைபடத்தை மறு திரையிலும் ஒருங்கே காண முடிந்தது. ஆட்டோகேட் பயன்படுத்திய வரைபொறியாளர்கள் கட்டளைகளை எழுத்துத் திரையிலும் படத்தை வண்ணத் திரையிலும் வைத்துக்கொண்டார்கள். ஒரு நிரலில் பிழை தேடுவோர், நிரல் ஓடுவதை ஒரு திரையிலும் அதன் உட்புறத்தை மறு திரையிலும் பார்த்தார்கள்.

தாய்லாந்து எழுத்துக்காக ஓர் அட்டை

இங்கே நம் மனத்திற்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் அமெரிக்காவில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்மொழியான 'தாய்' எழுத்தில் இந்தக் கணிப்பொறியில் எழுத விரும்பினார். எழுத்து அட்டையில் ஆங்கில எழுத்துருக்கள் அச்சு வார்த்ததுபோல் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. வேறு எழுத்துக்கு இடமில்லை. வண்ண அட்டையிலோ புள்ளிகள் குறைவு. மேலும் கீழும் குறிகள் ஏறும் தாய் எழுத்து அதில் தெளிவாக வராது. தமிழின் கொம்பையும் சுழியையும் நினைத்துக்கொண்டால் அவர் பட்ட பாடு நமக்குப் புரியும்.

அவர் தாமே ஓர் அட்டையை வடிவமைத்தார். 1982 இல் வந்த அந்த ஹெர்குலிஸ் அட்டை, குறுக்கே 720, நெடுக்கே 348 என்ற கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் புள்ளிகளைத் தனித்தனியே ஏற்றி அணைக்க வல்லது. எந்த எழுத்தையும் புள்ளி வைத்து வரையலாம். அது உலகெங்கும் பரவியது.

அதன் நினைவகம் 64 கிலோபைட். இரண்டு பாதிகளாக இருந்தது. முதல் பாதி எழுத்து அட்டையின் கதவு எண்ணில் உட்கார்ந்தது. இரண்டாம் பாதியோ வண்ண அட்டையின் கதவு எண்ணில் போய் உட்கார்ந்தது! வண்ண அட்டையும் உள்ளே இருந்தால் மோதல்தான். ஆகவே பாதி நினைவகத்தை மட்டும் பயன்படுத்தும் ஓர் ஏற்பாட்டையும் அதில் வைத்திருந்தார்கள். இரண்டு திரை வேண்டுவோர் 'பாதி'யிலேயே நின்றுகொள்ள வேண்டும். கதவு எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

1987: ஒரு கதவு மூடியது, ஒரு கதவு திறந்தது

1987 இல் ஐ.பி.எம். 'வி.ஜி.ஏ.' என்னும் புதிய காட்சி முறையைக் கொண்டுவந்தது. 256 கிலோபைட் நினைவகம், 640க்கு 480 புள்ளிகள், அழகான வண்ணங்கள். விரைவில் எல்லா நிறுவனங்களும் அதையே பின்பற்றின. எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றியதால் எந்த மென்பொருளும் எந்தக் கணிப்பொறியிலும் ஓடியது. அது நன்மை.

ஆனால் எல்லா வி.ஜி.ஏ. அட்டைகளும் ஒரே கதவு எண்ணிலேயே குடியிருந்தன. இரண்டு வி.ஜி.ஏ. அட்டைகளை ஒரு பெட்டியில் செருகினால், ஒரே லாட் எண் பெற்ற இரண்டு சரக்கின் நிலைதான். செயலி கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லும். சிறப்பு அட்டைகளையும் அவற்றுக்கெனத் தனி மென்பொருளையும் வாங்கக்கூடிய சிலர் இதற்கு விலக்கு. மற்ற வீடுகளில் 'ஒரு கணிப்பொறி, ஒரு திரை' என்பதே சட்டமாயிற்று. நான் கேட்டு மனத்தில் வைத்திருந்த பாடம் அந்தக் காலத்தின் பாடமே.

அதே 1987 இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் 2 வெளிவந்தது. அதில் அட்டைகள் செருக ஆறு இடங்கள். கதவு எண் அட்டையோடு பிறக்கவில்லை. அட்டை எந்த இடத்தில் செருகப்படுகிறதோ அந்த இடத்துக்குரிய எண்ணைப் பெற்றது. ஆறு இடத்திலும் காட்சி அட்டைகளைச் செருகி ஆறு திரைகளை வைக்கலாம். ஒரு திரையின் ஓரத்திற்கு நகர்த்திய அம்புக்குறி அடுத்த திரையில் போய்த் தோன்றும். பல திரைகள் சேர்ந்து ஒரே மேசையாகிவிட்டன. ஆனால் அதன் விலை நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டாதது.

1998: எண்ணைப் பெட்டியே கொடுத்தது

1992 இல் இன்டெல் நிறுவனம் 'பி.சி.ஐ.' என்ற இணைப்பு முறையை அறிமுகம் செய்தது. இதில் கணிப்பொறி விழித்தெழும்போது, செருகப்பட்ட ஒவ்வோர் அட்டையையும் 'உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?' என்று கேட்கிறது. பிறகு ஒன்றோடொன்று மோதாதபடி எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஏல மையத்திற்கு வந்த சரக்குக்கு அங்கேயே வரிசையாக லாட் எண் போடுவது போன்றது இது. வீட்டிலிருந்தே ஒவ்வொருவரும் எண் எழுதிக்கொண்டு வந்தால்தானே குழப்பம்!

வன்பொருளில் தடை நீங்கியும் இயக்க மென்பொருள் தயாராகச் சில ஆண்டுகள் ஆயின. 1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98, ஒன்பது திரைகள் வரை ஒரே மேசையாகச் சேர்க்கும் ஆற்றலைச் சாதாரணக் கணிப்பொறிக்குக் கொடுத்தது. 1999 இல் மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 அட்டை, ஒரே அட்டையில் இரண்டு திரைகளுக்கான வாய்களோடு வந்தது. இரண்டாவது அட்டைகூடத் தேவையில்லாமல் போயிற்று.

அதன் பிறகு காட்சி மின்சுற்று செயலிக்குள்ளேயே குடிபுகுந்தது. 2012 இல் வந்த இன்டெல் செயலிகள் தனி அட்டை ஏதுமின்றியே மூன்று திரைகள் வரை நடத்த வல்லவை. இன்று கதவு எண் ஒரு தடையே அன்று. எத்தனை திரைகள் என்பதை உள்ளே எத்தனை 'படித்து அனுப்பும்' மின்சுற்றுகள் உள்ளன என்பதே முடிவு செய்கிறது.

நினைவகம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். இன்று பரவலாக உள்ள திரையில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஏறக்குறைய 83 லட்சம் பைட். 1981 இன் எழுத்துத் திரையைப்போல் இரண்டாயிரம் மடங்கு! ஆயினும் 4 ஜிகாபைட் நினைவகமுள்ள ஓர் எளிய கணிப்பொறியில், இரண்டு திரைகளின் படமும் சேர்ந்து பிடிப்பது 250 இல் ஒரு பங்குக்கும் குறைவே.

உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்

முதலில் கணிப்பொறிப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மூன்று வரிசையில் 15 துளைகள் உள்ள, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் வாய் வி.ஜி.ஏ. தட்டையாகச் சற்றே சரிந்த ஓரங்களோடு இருப்பது எச்.டி.எம்.ஐ. இவை இரண்டும் அருகருகே இருந்தால் பெரும்பாலும் இரண்டு திரைகளை இணைக்கலாம். கணிப்பொறியை அணைத்துவிட்டு இணைப்பது நல்லது.

தனியாக ஒரு காட்சி அட்டை செருகப்பட்டிருந்தால் இரண்டு திரைகளையும் அந்த அட்டையின் வாய்களிலேயே இணையுங்கள். பல கணிப்பொறிகளில் அட்டை செருகியதும் தாய்ப்பலகையின் வாய்கள் உறங்கிவிடும். திரையில் ஒன்றும் வராததற்கு இதுவே அடிக்கடி காரணம்.

பழைய திரையில் வி.ஜி.ஏ. வாய் மட்டும் இருந்து, பெட்டியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் மீதியிருந்தால் வெறும் கம்பி போதாது. எச்.டி.எம்.ஐ. வழியே வருவது எண்முறைக் குறிகை, வி.ஜி.ஏ. கேட்பது ஏறி இறங்கும் மின்னழுத்தம். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக ஒரு சிறு மின்சுற்று வேண்டும். கடையில் 'கன்வெர்ட்டர்' என்று கேட்டால் கிடைக்கும்.

இணைத்துக் கணிப்பொறியை இயக்கியதும், விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்தியபடியே 'பி' விசையை அழுத்துங்கள். இரண்டிலும் ஒரே படம் வேண்டுமா, மேசையை இரண்டுக்கும் விரிக்க வேண்டுமா என்று கேட்கும். விரிப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு காட்சி அமைப்புப் பக்கத்தில் இரண்டு திரைகளும் 1, 2 என்று எண்ணிட்டுத் தெரியும். ஆம், இங்கேயும் எண்தான்! உங்கள் மேசையில் எது இடம், எது வலமோ அவ்வாறே அவற்றை இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வலப்பக்கம் தள்ளிய அம்புக்குறி இடப்பக்கத் திரையில் போய் நிற்கும்.

அந்தத் திரையின் பெயரும் அதன் புள்ளிக் கணக்கும் கணிப்பொறிக்கு எப்படித் தெரிந்தன? 1994 இல் வகுக்கப்பட்ட ஒரு முறைப்படி, ஒவ்வொரு திரையும் தன்னைப் பற்றிய குறிப்பை 128 பைட் அளவில் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கம்பியை இணைத்ததும் அதைச் சொல்லிவிடுகிறது.

கேள்விக்கு விடை

அந்த மாணவியிடம் நான் சொன்னது தவறு என்று தெரிந்ததும், மறுநாளே அவளை அழைத்து, வீட்டுக் கணிப்பொறியின் பின்புறத்தைப் படமெடுத்து வரச் சொன்னேன். படத்தில் நீல வாய் ஒன்று. பக்கத்தில் தூசி படிந்து, யாரும் தொடாத எச்.டி.எம்.ஐ. வாய் ஒன்று. வாங்க வேண்டியிருந்தது ஒரு சிறு கன்வெர்ட்டர் மட்டுமே. இன்று அவள் மேசையில் இடப்பக்கம் ஆங்கில நூல், வலப்பக்கம் தமிழ்க் குறிப்பு. ஒரு முறை காய் எடுத்த பணம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வேலை செய்யும் ஒரு திரை குப்பைக்குப் போகாமல் தப்பியது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளின் பின்பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அவற்றை உடைத்து ஓடையிலோ தோட்டத்து ஓரத்திலோ எறிவது மண்ணுக்கும் நீருக்கும் கேடு. பழுதான திரைகளை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பதே முறை. வேலை செய்பவற்றை வேலை வாங்குவது அதைவிட நல்லது.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 1987 இல் உண்மையாக இருந்த ஒன்றை, அதன் காரணம் தெரியாமல் விதியாக மட்டும் மனத்தில் வைத்திருந்தேன். காரணம் தெரிந்திருந்தால், அது எப்போது மறைந்தது என்பதும் தெரிந்திருக்கும். 'முடியாது' என்று யாரேனும் சொன்னால், 'ஏன் முடியாது?' என்று ஒரு முறை கேளுங்கள், மாணவர்களே. கேட்ட பிறகு பெட்டியைத் திருப்பி அதன் பின்புறத்தையும் ஒரு முறை பாருங்கள்.